பழைய பிஸ்டலையும் அதன் தோள்கட்டையையும் பிரிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில், இடிக்கப்பட்ட பழைய வீடொன்றின் பரணில் கிடைத்ததாக ஒரு துப்பாக்கியின் படம் வெளியாகியிருந்தது. மெல்லிய குழல், விசைக்கு முன்னால் சதுரமான தோட்டா அறை, அரத்தின் மரப்பிடியைப் போல் உருண்ட கைப்பிடி, அந்தக் கைப்பிடியின் பின்னால் மாட்டியிருந்த மரக்கட்டை எல்லாம் அந்தச் சின்னப் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தன. படத்தின் கீழே ‘இயந்திரத் துப்பாக்கி’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அது மவுசர் சி96 என்னும் ஜெர்மானியக் கைத்துப்பாக்கி; பின்னால் மாட்டியிருந்தது அதன் உறையாகவும் தோள்கட்டையாகவும் பயன்படும் மரப்பெட்டி. ஒரு சொல்தானே என்று விட்டுவிட்டிருப்பேன். ஆனால் பெயர் தவறினால் அப்படிப்பட்ட பொருளுக்கு என்ன கதி நேரும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தவன் என்பதால் இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்கினாலும் வருத்தமில்லை. தோள்கட்டையைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பெரம்பூர் லோகோ பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளாக .22 பிஸ்டலில் பயிற்சி செய்துவருகிறேன். பதக்கம் எதுவும் வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காகித வட்டத்தில் ஓட்டை போட்டுவிட்டு வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிற ரகம். துப்பாக்கி விஷயத்தில் எனக்கு உள்ள அறிவில் பாதி சுடுதளத்தில் கிடைத்தது. மறுபாதி, இரும்பையும் ஸ்பிரிங்கையும் முப்பத்தைந்து ஆண்டுகள் கையாண்டதில் கிடைத்தது.

என் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் சமையல் வேலை பார்த்தவர். அந்த வீட்டுப் பெரியவர் எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) ரயில்வே காலத்து மெயில் டிரைவர். அந்த ரயில்வேயின் துணைப்படையான ரைஃபிள்ஸ் பிரிவிலும் இருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் அக்குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அவர் தம்மிடமிருந்த பிஸ்டலை முறைப்படி காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். ஒப்படைத்தது பிஸ்டலை மட்டும். அதன் மரப்பெட்டி சமையலறை அலமாரிக்கு மேலேயே கிடந்தது. ‘துரை, அந்தப் பொட்டியை நான் எடுத்துக்கட்டுமா’ என்று ஆயா கேட்டிருக்கிறார், அவரும் கொடுத்துவிட்டார்.

ஆட்டுத் தொடை வடிவத்தில், ஏறத்தாழ ஒரு முழ நீளத்தில், வால்நட் மரத்தில் செய்த அந்தப் பெட்டி நாற்பது ஆண்டுகள் எங்கள் வீட்டு வெற்றிலைப் பெட்டியாக இருந்தது. அகன்ற முனையில் கீல் வைத்த மூடி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் அது திறக்கும். மூடியின் உட்புறத்தில் ஒரு பட்டை ஸ்பிரிங் திருகி வைக்கப்பட்டிருக்கும். அது எதற்கென்று தெரியாமல் சிறுவயதில் நான் விரலால் தட்டித் தட்டி ஓசை எழுப்பி அடி வாங்கியிருக்கிறேன். உள்ளே வைக்கும் பிஸ்டல் ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கான ஸ்பிரிங் அது. உள்புறம் முழுவதும் பிஸ்டலின் உருவத்துக்கு ஏற்பக் குடையப்பட்டிருந்தது; விசைக்கு முன்னால் வரும் தோட்டா அறைக்கான பள்ளத்தில் சரியாகப் பாக்குவெட்டி உட்காரும். சுண்ணாம்பு டப்பா கவிழ்ந்த வெள்ளைக் கறை இன்றும் அதில் இருக்கிறது. ஒல்லியான முனையில் ஓர் இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டுவதற்கு வசதியாகச் செய்திருக்கிறார்கள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆயா போன பிறகு, பணிமனையில் இருந்த பழக்கத்தில் ஒரு நாள் அந்த இரும்பு நாக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெல்லிய தேய்ப்புத் தாளால் துருவை எடுத்தேன். அடியில் ஒரு வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் பள்ளம் வைத்துத் திருத்தமாக இழைக்கப்பட்ட அந்த நாக்கு, வேறோர் இரும்புக் காடிக்குள் இழைந்து போய்ப் பூட்டிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது என்று அதைக் கையில் வைத்துப் பார்த்த எந்த ஃபிட்டரும் சொல்லிவிடுவார். அப்போதுதான் நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஓபர்ன்டார்ஃப் நகரத்து மவுசர் தொழிற்சாலை 1896-ல் தொடங்கி 1937 வரை இந்த பிஸ்டலைச் செய்தது. ஏறத்தாழ பத்து லட்சம் வெளிவந்தன. 7.63 மி.மீ. தோட்டா பத்து, மேலிருந்து ஒரு தகட்டுக் கிளிப்பில் வைத்து உள்ளே அழுத்தப்படும். மரப்பெட்டியைக் கவிழ்த்து, ஒல்லியான முனையை பிஸ்டல் கைப்பிடியின் பின்காடியில் செருகினால், அகன்ற முனை தோளில் பதியும், உறையே தோள்கட்டையாகிவிடும். சீனாவில் இதைப் ‘பெட்டித் துப்பாக்கி’ என்ற பொருள் தரும் பெயராலேயே அழைத்தார்கள். 1898-ல் ஓம்துர்மன் போரில் இளைஞரான வின்ஸ்டன் சர்ச்சில் கையில் இருந்ததும் இதுவே. பல பிரதிகளில், குறிபார்க்க உதவும் பின்குறியில் 1000 மீட்டர் வரை கோடு போட்டிருப்பார்கள். 1000 மீட்டரில் ஓர் ஆளை இதனால் அடிக்க முடியும் என்று நம்பிய விற்பனையாளரை நான் சந்திக்க விரும்புகிறேன்.

நம் நாட்டு வரலாற்றில் இதற்கு ஓர் இடம் உண்டு. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா என்னும் ஆயுத வணிக நிறுவனத்துக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுக்கப் போன ஊழியர், 192 பெட்டிகளை மட்டும் கிடங்கில் சேர்த்துவிட்டு மீதிப் பத்துடன் மறைந்தார். அந்தப் பத்தில் 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. ரௌலட் குழு 1918-ல் அளித்த அறிக்கையில், பிஸ்டலின் உறையைக் கைப்பிடியில் பொருத்தினால் ரைஃபிளைப் போலத் தோளில் வைத்துச் சுடலாம் என்பதையும் மறக்காமல் குறித்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் எண் இருந்தது. அந்த எண்கள் ரோடா நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருந்தன. பின்னர் வங்காளத்தில் பிஸ்டல்கள் பிடிபட்டபோது, இது அந்த ஐம்பதில் ஒன்று என்று அடையாளம் சொல்ல உதவியது அந்தப் பதிவுதான். 1915 செப்டம்பரில் பாலசோர் அருகே வங்காளப் புரட்சியாளர் ஜதீந்திரநாத் முகர்ஜியும் தோழர்களும் போலீசாரை எதிர்த்து நின்றதும், 1925 ஆகஸ்ட் 9 அன்று காகோரியில் ரயிலை நிறுத்திய புரட்சியாளர்கள் எடுத்துச் சென்றதும் மவுசர் பிஸ்டல்களே.

வடசென்னைக்காரன் என்பதால் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். ரோடா சம்பவம் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத 1914 செப்டம்பர் 22 இரவில்தான் எம்டன் கப்பல் நம் துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அந்த ஜெர்மானியப் பீரங்கி பற்றி எங்கள் பக்கத்தில் நான்கு தலைமுறையாகக் கதை சொல்கிறார்கள்; ஜெர்மானியப் பிஸ்டலின் பெட்டி ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தோள்கட்டை என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். அது தோட்டாவுக்கு ஒரு துளி வலுவும் கூட்டுவதில்லை. வெடிமருந்தின் அளவும் குழலின் நீளமும் மாறாதபோது தோட்டாவின் வேகமும் மாறாது. மாறுவது சுடுபவரின் நடுக்கம். ஒரு கையை நீட்டி பிஸ்டலைப் பிடிக்கும்போது மூச்சு, நாடித் துடிப்பு, களைப்பு அனைத்தும் மணிக்கட்டு வழியாகக் குழலின் நுனிக்குப் போய்ச் சேருகின்றன. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 செ.மீ. தூரம் இருக்கும் பிஸ்டலில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டரில் தோட்டா பன்னிரண்டரை செ.மீ. தள்ளி விழும். அதே இடைவெளி 40 செ.மீ. உள்ள நீளத் துப்பாக்கியில் விலகல் பாதியாகிவிடும். தோளும் கன்னமும் இரண்டு கைகளும் சேர்ந்து தாங்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் நடுக்கமே வெகுவாகக் குறைகிறது. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் ஒரே கையால், எதிலும் சாயாமல் சுட வேண்டும் என்று விதி இருப்பதற்கு இதுவே காரணம். அங்கே சோதிக்கப்படுவது அந்த நடுக்கத்தைத்தான்.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் மகள் குடும்பம் டெக்சாஸில் இருக்கிறது. அங்கே சென்றிருந்தபோது மருமகன் என்னை ஒரு சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். சுற்றுலா விசாவில் வந்தவர் துப்பாக்கியைத் தொடுவதற்கு அந்நாட்டு மத்திய சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் வைத்திருந்தால் விலக்கு. அதனால் வாழ்நாளில் ஒரு கோழியைக்கூடக் கொல்லாத நான் முதலில் ஒரு வேட்டை உரிமம் வாங்கினேன். பிறகு 9 மி.மீ. கார்பைன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பிஸ்டல் தோட்டாவை நீளக் குழலில் போட்டுத் தோளில் வைத்துச் சுடும் இந்த வகை அங்கே புதிதன்று. 1873-ம் ஆண்டு வின்செஸ்டர் ரைஃபிளும் அதன் பிறகு வந்த கோல்ட் ரிவால்வரும் ஒரே .44-40 தோட்டாவைச் சுட்டன; குதிரையில் போகிறவர் இடுப்புவாரில் ஒரே ரகத் தோட்டாவைச் சுமந்தால் போதும் என்பது அதன் சௌகரியம்.

நான் சுட்ட கார்பைனில் நீண்ட குழலின் பயனாகத் தோட்டாவின் வேகம் பிஸ்டலைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும் என்று சொன்னார்கள். உதை மிகவும் குறைவு. ஆனால் எதிர்பாராத ஒன்று இருந்தது. சுட்டவுடன் ஓர் உதை, உடனே இன்னொரு தள்ளல். இத்தகைய எளிய கார்பைன்களில் குழலைப் பூட்டும் அமைப்பு எதுவும் கிடையாது; பின்னால் இருக்கும் கனமான இரும்புக் கட்டையின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றன. அந்தக் கட்டை பின்னால் ஓடி நிற்கும் அதிர்வுதான் இரண்டாவது தள்ளல். பணிமனையில் பவர் ஹாமர் அருகே நின்றவர்களுக்கு அந்த உணர்வு புரியும். 25 கஜத்தில் என் முதல் பத்துத் தோட்டாக்களும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. பிஸ்டலில் இருபது வருடப் பயிற்சியில் நான் அதைச் செய்ததில்லை. மகிழ்ச்சியாகவும் இருந்தது, சற்றுக் கசப்பாகவும் இருந்தது. என் திறமை இதில் எவ்வளவு, கட்டையின் திறமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பக்கத்து வரிசையில் ஒரு முதியவர் தம்முடைய மவுசர் பிஸ்டலை மரப்பெட்டியுடன் கொண்டுவந்திருந்தார். ஆயாவின் வெற்றிலைப் பெட்டி தன் இடத்தில் சேர்ந்திருப்பதை அன்றுதான் முதல்முறை கண்ணால் பார்த்தேன். நாக்கு காடிக்குள் இழைந்து ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. அவர் அதைச் சுடச் சொல்லி நீட்டியபோது நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டேன். அந்த பிஸ்டலில் பின்னோக்கி ஓடும் இரும்பைத் தடுத்து நிறுத்துவது குறுக்கே செருகிய ஒரு சிறு தடுப்பு மட்டுமே. பல பத்தாண்டுகள் அடிபட்டுக் களைத்த இரும்பு அது. அது ஒடிந்தால் உள்ளே இருக்கும் கம்பி பின்னால் பாயும். தோள்கட்டை மாட்டியிருக்கும்போது அதற்கு நேரே இருப்பது சுடுபவரின் கண். போதாததற்கு, மவுசரின் 7.63 தோட்டாவும் பிற்காலத்து ரஷ்ய டோகரேவ் 7.62 தோட்டாவும் அளவில் ஏறத்தாழ ஒன்று, அழுத்தத்தில் பின்னது அதிகம். மாற்றிப் போட்டுவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை. பழைய பிஸ்டலை வைத்திருக்கலாம், எண்ணெய் போடலாம், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். சுடக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. சேகரிப்பாளர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின் பட்டியலில் ரிவால்வரும் பிஸ்டலும் உரிமம் பெற்று வைத்திருக்கக்கூடிய மூன்றாம் வகையில் வருகின்றன. பிஸ்டல் தவிர்த்த, ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா வெளியேறி அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும் துப்பாக்கிகளோ, மத்திய அரசின் சிறப்பு அனுமதி இன்றித் தொட முடியாத முதல் வகையில் வருகின்றன. இராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டலும் கார்பைனும் அதே முதல் வகைதான். ஆகவே டெக்சாஸில் நான் வாடகைக்கு எடுத்த பொருளை இங்கே ஒரு குடிமகன் வைத்திருக்க வழியில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. நம் ஊர் நெரிசலில், ஒட்டி ஒட்டி வீடு இருக்கும் தெருக்களில், கார்பைன் வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு எனக்குச் சுடும் ஆசை முற்றவில்லை. ஆனாலும் ஒரு முரண் கண்ணில் படாமல் போகாது: இடுப்பில் மறைக்கக்கூடிய சிறிய பிஸ்டலுக்கு உரிமம் உண்டு, அதே தோட்டாவை அதே முறையில் சுடும், வேட்டிக்குள் மறைக்கவே முடியாத நீளத் துப்பாக்கிக்குத் தடை.

அமெரிக்காவில் முரண் வேறு விதமானது. அங்கே பிஸ்டலும் எளிது, முழு நீள ரைஃபிளும் எளிது. இடையில் இருப்பதுதான் சிக்கல். 1934-ம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் முதல் வரைவில் பிஸ்டல்களும் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தன. அவை மறைக்கப்படக்கூடியவை என்பதால், ரைஃபிளை வெட்டிக் குட்டையாக்கி யாரும் தப்பிக்கக் கூடாதென்று குட்டை ரைஃபிள்களையும் சேர்த்தார்கள். பிறகு பிஸ்டலை எடுத்துவிட்டார்கள். குட்டை ரைஃபிள் மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள பிஸ்டலில் தோள்கட்டையை மாட்டினால் அது ‘குட்டை ரைஃபிள்’ ஆகிவிடும். பதிவு செய்ய வேண்டும்; 200 டாலர் வரியும் கட்ட வேண்டியிருந்தது. அந்த வரி 2026 ஜனவரி முதல் பூஜ்யமாக்கப்பட்டது, பதிவு தொடர்கிறது. எனினும் அந்த அரசு ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறது. மவுசர் சி96, முதல் உலகப் போரில் ஜெர்மானியப் பீரங்கிப் படைக்காக நீளக் குழலுடன் செய்யப்பட்ட லூகர், சீனாவுக்காகக் கனடாவில் செய்யப்பட்ட பிரௌனிங் ஆகிய பழம்பொருள்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அவற்றின் அசல் தோள்கட்டையுடன் இருந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று விலக்கு அளித்திருக்கிறது. பிஸ்டலும் கட்டையும் சேர்ந்தது ஒரே பொருள் என்று அந்தப் பட்டியல் ஏற்றுக்கொள்கிறது.

நம்மிடம் அந்த ஒரு வரி இல்லை. ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழங்கால மதிப்புடையதும், பழுது பார்த்தாலும்கூடத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததுமான ஆயுதத்துக்குச் சட்டத்திலிருந்து விலக்கு தருகிறது. பிற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு உதிரிப் பாகங்களுக்கும் விலக்கு தருகிறது. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம், அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை உரிமமின்றி வைத்திருக்கலாம், சுடவோ எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும் என்று விதியைத் திருத்தியது. ஆனால் 2019-ல் திருத்தப்பட்ட 6-வது பிரிவின்படி, ஒரு வகைத் துப்பாக்கியை உரிமமின்றி வேறு வகையாக மாற்றுவது குற்றம். மூன்றாம் வகையில் இருக்கும் பிஸ்டலின் பின்காடியில் அதன் சொந்த மரப்பெட்டியைச் செருகினால், அது தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கியாகி முதல் வகைக்குத் தாவிவிடுகிறதா? பெட்டியைக் கழற்றினால் மறுபடி மூன்றாம் வகைக்குத் திரும்பிவிடுமா? மேலே சொன்ன சொற்களுக்குள் தோள்கட்டை எங்கே நிற்கிறது என்பது அன்றைக்கு அந்தக் கோப்பைப் படிக்கும் அதிகாரியைப் பொறுத்தது.

அதை நான் நேரிலேயே பார்த்தேன். சட்டத்தை மதிப்பவன் என்ற நினைப்பில், ஆயாவின் பெட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். முதலில் பார்த்த எழுத்தர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, ‘பாக்கு வாசனை வருது, இது ஆயுதமா, மரச்சாமானா?’ என்று கேட்டார். அடுத்த வாரம் வேறொருவர், இது துப்பாக்கியின் பாகம், துப்பாக்கி எங்கே என்று கேட்டு, என்னை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். மூன்றாவது முறை போனபோது, ‘எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிடுங்கள், மற்றவற்றோடு சேர்த்து அழித்துவிடுவோம், உங்களுக்கும் தொல்லையில்லை’ என்று அன்பாகவே சொன்னார் ஒருவர். இன்னொருவர், ‘பெரியவரே, காசிமேடு பக்கம்தானே, கடலில் போட்டுவிட்டுப் போங்கள்’ என்றார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் முன்னால் இருந்த படிவத்தில் துப்பாக்கியின் எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. தோள்கட்டைக்குக் கட்டம் இல்லை.

இந்தக் கட்டம் இல்லாததால் போகிறது எல்லாம். ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கிறார்கள். ரசீதில் துப்பாக்கியின் ரகமும் எண்ணும் எழுதப்படும். உறையோ கட்டையோ எழுதப்படாது. உரிமையாளர் இறந்து, வாரிசுகள் வெளியூரில் இருந்து, துப்பாக்கி அங்கேயே தங்கிவிட்டால், இரும்பு ஒரு மூலைக்கும் மரம் இன்னொரு மூலைக்கும் போகிறது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, கூடுதலாக இருந்ததை விட்டுவிட வேண்டிய நிலையில் பல வீடுகளில் முதலில் வெளியே போனது சுடப் பயன்படாத தாத்தா காலத்து பிஸ்டலாகத்தான் இருக்கும் என்று ஊகிப்பதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறியது. ஒப்படைப்பு ரசீதிலும் உரிமப் பதிவேட்டிலும், தோள்கட்டை இருந்தால் அதன் எண்ணையும் சேர்த்து எழுத ஒரு கட்டம் வேண்டும். பழம்பொருள் என்று தெரியவரும் எதையும் அழிப்பதற்கு முன்னால், எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்தோ கோட்டை அருங்காட்சியகத்திலிருந்தோ ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும்; இரண்டு இடங்களிலும் பழைய ஆயுதங்களுக்கென்று கூடங்கள் இருக்கின்றன, பார்த்தால் இன்னது என்று சொல்லக்கூடியவர்களும் இருப்பார்கள். சுட முடியாதபடி குழலை அடைத்து, கட்டையோடு சேர்த்துக் கண்ணாடிக்குள் வைத்தால் யாருக்கு என்ன ஆபத்து?

தங்களிடம் கேட்பதும் உண்டு. தங்கள் செய்தியாளர்கள் துப்பாக்கி நிபுணர்களாக வேண்டியதில்லை. ஆனால் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருப்பதுதான் இயந்திரத் துப்பாக்கி. கட்டை மாட்டியதாலேயே ஒரு பிஸ்டல் அப்படி ஆகிவிடாது. மவுசரிலேயே 1930-களில் வந்த ஒரு வகை அப்படித் தொடர்ந்து சுடும். பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருந்தாலும் அதன் பக்கவாட்டில் மாற்றுவிசை ஒன்று இருக்கும், நம் சட்டத்தில் அது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. இன்னொரு வகையின் கைப்பிடியில் பெரிதாக 9 என்று செதுக்கிச் சிவப்பு பூசியிருப்பார்கள். 1916-ல் ஜெர்மானியத் தரைப்படை 9 மி.மீ. தோட்டாவுக்காக ஒன்றரை லட்சம் கேட்டபோது, சிப்பாய்கள் தோட்டாவை மாற்றிப் போடாமல் இருக்கச் செய்த அடையாளம் அது. இங்கே அந்தச் சிவப்பு 9 இருந்தால் அது முதல் வகைக்குப் போய்விடும், இல்லாவிட்டால் அதே பிஸ்டலின் வழக்கே வேறாகலாம். படத்தில் கைப்பிடி தெரியும்படி எடுத்துப் போட்டாலே விவரமறிந்த வாசகர் நான்கு பேர் தங்களுக்கு எழுதிவிடுவார்கள். ‘இயந்திரத் துப்பாக்கி சிக்கியது’ என்று தலைப்பிட்டுவிட்டால், அடுத்த வீட்டுப் பரணில் இதே போன்ற ஒன்றைக் கண்டெடுப்பவர் பயந்துபோய் அன்றிரவே கூவத்திலோ கடலிலோ எறிந்துவிடுவார். நானே எறிந்திருப்பேன், ஆயாவின் சுண்ணாம்புக் கறை இல்லாவிட்டால்.

தங்கள் இதழில் வெளியான அந்தப் படத்தில் இருந்த பிஸ்டல் எங்கள் பெட்டிக்கு உரியது அன்று. அதற்குத்தான் அதன் கட்டை மாட்டியிருந்ததே. எங்கள் பெட்டிக்கு உரியது, 1960-களின் தொடக்கத்தில் பெரம்பூர் வட்டாரத்துக் காவல் நிலையம் ஒன்றில் ரசீதுடன் ஒப்படைக்கப்பட்டது. அது இன்னும் ஏதேனும் ஓர் ஆயுதக் கிடங்கில் இருந்தால், அதன் எண்ணைப் படித்துப் பார்க்கக்கூடிய பொறுப்பிலிருப்பவர் தங்கள் வாசகர்களில் ஒருவராக இருக்கலாம். பெட்டியின் இரும்பு நாக்கில் உள்ள எண்ணை நான் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. பிஸ்டலில் இருக்கும் எண்ணை அவர் முதலில் சொல்லட்டும், இரண்டும் ஒத்துப்போனால் பெட்டியை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். எனக்கு ரசீது மட்டும் போதும். அதில் தோள்கட்டை என்று தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
பெரம்பூர், சென்னை